கடைசிக் கையெழுத்து யாருடையது?

தனியார் மருத்துவமனைகளில் ஒரு படிவம் இருக்கிறது. ‘மருத்துவர் சொன்னதற்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம்’ என்பது அதன் சாரம். ஊழியர்கள் அதை ‘ஏ.எம்.ஏ. டிஸ்சார்ஜ்’ என்பார்கள். மகனோ மருமகனோ கையெழுத்துப் போடுவார். பில் கட்டி முடித்ததும் ஆம்புலன்ஸ் வரும். பெரியவரின் தொண்டைக்குள் குழாய் அப்படியே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த டெக்னீஷியன் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஊர் வரைக்கும் வருவார். வீட்டுக் கூடத்தில் கிடத்தி, சொந்தபந்தம் வந்து பார்த்து, வாயில் பால் விட்ட பிறகு குழாயை எடுப்பார்கள்.

சட்டம் படித்தவர்கள் இதை ‘உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளுதல்’ என்பார்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக நெறிமுறை வகுத்திருக்கிறது. நம் ஊரிலோ அது பெரும்பாலும் ஒரே தாளில், நள்ளிரவில், பில் தொகை எகிறுகிற பயத்தில் முடிந்துவிடுகிறது. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து அனுப்புகிறவர்கள் குறைவு. வழியில் மூச்சுத் திணறினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் குறைவு. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. யாருடைய உயிரோ, அவருடைய கையெழுத்து அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

இன்னொரு வகைக் குடும்பமும் இருக்கிறது. “காசைப் பத்திக் கவலைப்படாதீங்க டாக்டர், எல்லாத்தையும் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரும் குடும்பம். அந்த ‘எல்லாம்’ என்னவென்று அவர்களும் கேட்க மாட்டார்கள், மருத்துவரும் விளக்கியிருக்க மாட்டார். வாரக்கணக்கில் வென்டிலேட்டர், கழுத்தில் துளை, டயாலிசிஸ், குழாய்களைப் பிடுங்காமலிருக்கக் கட்டில் கம்பியோடு கட்டிய கைகள். போதும் என்று முதலில் சொல்கிற ஆள் கெட்ட பிள்ளை ஆகிவிடுவார் என்பதால் யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டு வகைக் குடும்பத்துக்கும் உதவக்கூடிய வழி ஒன்று 2018 முதல் இந்தியாவில் சட்டப்படி இருக்கிறது. சுயநினைவோடு இருக்கும்போதே, ‘எனக்கு இப்படி ஆனால் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள், எனக்காக முடிவெடுக்க வேண்டியவர் இவர்’ என்று எழுதிவைப்பது. லிவிங் வில் என்கிறார்கள். மருத்துவ உயில் என்றும் சொல்லலாம். இரண்டு சென்ட் மனைக்கு நான்கெல்லையும் குறித்து, மாமரம் யாருக்கு, கிணற்றுப் பாத்தியதை யாருக்கு என்று உயில் எழுதுகிற நாம், சொந்த உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பதில்லை.

அருணாவிடம் யாரும் கேட்க முடியவில்லை

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் அருணா ஷான்பாக். 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்து வன்கொடுமை செய்தான். மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டது. அப்போது அவருக்கு வயது 25. அதற்குப் பிறகு சுமார் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் கட்டிலில் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதிக்கும்படி எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். கே.இ.எம். நர்ஸுகளும் மருத்துவர்களும் எதிர்த்து நின்றார்கள்: அருணா எங்கள் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு விரானியின் மனுவை ஏற்க மறுத்தது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, அத்தனை ஆண்டுகள் அவரைப் பராமரித்தவர்களுக்கே என்றது. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று முதன்முதலாக ஒரு கதவையும் திறந்துவிட்டது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

இந்த வழக்கை எப்போது படித்தாலும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இரண்டு தரப்பிலும் கெட்டவர்கள் இல்லை. படுக்கைப் புண் வராமல் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளையும் குறை சொல்ல முடியாது, இது வாழ்க்கையா என்று கேட்டவரையும் குறை சொல்ல முடியாது. அருணா எதை விரும்பியிருப்பார் என்பதற்கு மட்டும் எவரிடமும் ஆதாரம் கிடையாது. 25 வயதுப் பெண் அதையெல்லாம் எங்கே எழுதிவைத்திருக்கப் போகிறார்!

‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005இலேயே தொடுத்திருந்த பொதுநல வழக்கில் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. மருத்துவ உயில் செல்லும் என்றது. ஊசி போட்டு உயிரை முடிப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். அனுமதி கிடைத்தது, பலன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதற்கும், தொடங்கியதை நிறுத்துவதற்கும்தான்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த வழி நடக்கிற வழியாக இல்லை. முதல் வகுப்பு ஜூடிஷியல் மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் உயில் எழுத வேண்டும். நேரம் வரும்போது மருத்துவமனை ஒரு குழு அமைக்க வேண்டும், கலெக்டர் இன்னொரு குழு அமைக்க வேண்டும், கடைசியில் மாஜிஸ்ட்ரேட்டே வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு அலைந்த எவருக்கும் இது நடக்கிற கதையா என்று தெரியும். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் மறுபடி நீதிமன்றம் போனது. நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு 2023 ஜனவரி 24 அன்று முடிச்சுகளைத் தளர்த்தியது.

இப்போதைய நடைமுறை

பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். கட்டாயம் இல்லாமல் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். கூடுமானவரை உறவினர் அல்லாதவர்களாக இருப்பது நல்லது. நோட்டரி வக்கீல் முன்னிலையிலோ, பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ கையெழுத்திட வேண்டும். சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை.

உயிலில் பெயர் குறிப்பிட்டவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் பிரதி தர வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று உங்கள் உள்ளாட்சி எதுவோ, அங்கே இதற்கென நியமித்த அலுவலரிடமும் ஒரு பிரதி போக வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

எழுதிவைத்துவிட்டதாலேயே சாதாரணக் காய்ச்சலுக்கு அட்மிட் ஆகும்போது சிகிச்சை தராமல் விட்டுவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடக்காது. தீராத நோய் முற்றி, மீள வழியில்லை என்றாகி, தானே முடிவு சொல்லும் நிலையிலும் நோயாளி இல்லாதபோதுதான் உயிலுக்கு வேலை. அப்போதும் சிகிச்சை தரும் மருத்துவரோடு, குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் இருவர் கொண்ட முதல் குழு பார்க்கும். அது சரி என்றால், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். செயல்படுத்தும் முன் மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் தந்தால் போதும். அவர் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். குழு மறுத்தால் குடும்பத்தார் உயர் நீதிமன்றம் போகலாம்.

உயிலே எழுதாதவர் என்றாலும் குடும்பத்தின் ஒப்புதலோடு இதே இரண்டு குழு வழியில் சிகிச்சையை நிறுத்த முடியும். ஏ.எம்.ஏ. படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பும் பல மருத்துவமனைகள் இதைச் சொல்வதில்லை. வழக்கு வரும் என்ற பயம் ஒரு காரணம். குழு கூட்டுவது வேலை, டிஸ்சார்ஜ் போடுவது சுலபம் என்பது இன்னொன்று.

டெட்ராய்ட்டிலிருந்து வருகிற மகன்

ஐ.சி.யூ. மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம் இவர். பத்து வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ராத்திரியெல்லாம் விழித்திருந்தவள் உள்ளூர் மகள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவரோடு பேசி ஒரு முடிவுக்கும் வந்திருப்பாள். அப்போது விமானத்தில் வந்து இறங்குவார் அண்ணன். “இந்த ஹாஸ்பிடல்ல ஒண்ணுமே சரியில்ல. வேற இடத்துக்கு மாத்துங்க.” கூட இல்லாமல் போன வருடங்களை ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்க்கும் தவிப்பு அது என்று யாருக்கும் புரியும். ஆனால் அதன் விலையை அம்மாவின் உடம்பு கொடுக்கிறது. இது நம் ஊருக்கே உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். ‘கலிஃபோர்னியாவிலிருந்து வரும் மகள்’ என்று அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் 1991இலேயே கட்டுரை வந்திருக்கிறது.

எழுதாமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃப்ளோரிடாவின் டெரி ஷியாவோ வழக்கைப் பார்க்கலாம். 1990இல் 26 வயதில் இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டது. இப்படி வாழ அவள் விரும்பமாட்டாள் என்றார் கணவர். விரும்புவாள் என்றார்கள் பெற்றோர். உணவுக் குழாயை இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை திரும்பப் பொருத்தினார்கள். நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது, அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 2005 மார்ச்சில் மூன்றாவது முறையாகக் குழாய் எடுக்கப்பட்டு, மாதக் கடைசியில் அவர் இறந்தார். ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டையில் அவர் கைப்பட எழுதிய ஒரு தாள் இல்லை.

தாள் இருந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஏஞ்சலா ஃபாகர்லின், கார்ல் ஷ்னைடர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் ‘போதும்’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவ உயில்கள் தோற்றுவிட்டன என்பது அவர்கள் வாதம். எதிர்காலத்தில் எந்த நோய் எப்படி வரும் என்று யாராலும் ஊகித்து எழுத முடியாது, எழுதியது தேவைப்படும் நேரத்தில் கட்டிலருகே வந்து சேர்வதில்லை, வந்தாலும் அதன் பொருள் என்ன என்று தகராறு வருகிறது என்றார்கள். அதற்குப் பதில், உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரை நியமியுங்கள் என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைவிட, யார் சொன்னால் கேட்க வேண்டும் என்பது முக்கியம். இந்தியச் சட்டத்தில் இரண்டையும் ஒரே தாளில் எழுத இடம் இருக்கிறது. 2023க்குப் பிறகு ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பெயரையும் எழுதலாம். அந்தச் சலுகையை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். மூன்று பிள்ளைகளுக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று மூன்று பேரையும் சமமாக எழுதிவைத்தால், சண்டையைத் தவிர்க்க எழுதிய தாளே சண்டைக்கு வழி செய்யும். ஒருவரை முதலில் எழுதி, அவர் கிடைக்காவிட்டால் இன்னார் என்று வரிசை போடுங்கள். அந்த ஒருவர் மூத்த மகனாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் கிடையாது. அதிகம் பாசம் வைத்தவரைவிட, அழுதுகொண்டேயாவது நீங்கள் சொன்னதைச் செய்கிறவர்தான் தேவை. பல வீடுகளில் அது மருமகளாகவோ தங்கையாகவோ இருக்கும்.

என்ன எழுதுவது?

‘எனக்குச் செயற்கையாக எதுவும் வேண்டாம்’ என்று மொட்டையாக எழுதினால் மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. குளுக்கோஸும் செயற்கைதான். தெளிவில்லாத உயிலைக் குழு ஏற்கவும் ஏற்காது. அதனால் ஒவ்வொரு சிகிச்சையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைக்கும் சி.பி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துவது. திடீரென மாரடைப்பு வந்த நாற்பது வயதுக்காரருக்கு அது உயிர்ப்பிச்சை. புற்று எலும்பு வரை பரவிய எண்பது வயதுப் பாட்டிக்கு விலா எலும்பு முறிவதுதான் மிச்சமாகும். வென்டிலேட்டரும் அப்படியே. நிமோனியா குணமாகும் வரை தாங்கிப்பிடிக்கிறது என்றால் அதைவிட நல்ல கருவி இல்லை. குணமாக எதுவும் இல்லாத உடம்பில் அது காத்திருப்பது எதற்காக? ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் போனால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் மாற்றுவார்கள். நோயாளியால் பேச முடியாது.

இங்கே நல்ல ஒரு நடுவழி இருக்கிறது. ‘ஒரு வாரம் முயன்று பாருங்கள். முன்னேற்றம் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னால் நிறுத்திவிடுங்கள்’ என்று எழுதலாம். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டுக்குள் மாட்டிக்கொள்ளாமல் இது பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

நம் ஆட்களுக்குக் கடினமான இடம் மூக்குக் குழாய். வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடும் பிள்ளைகள் கூட, ரைல்ஸ் டியூப் வேண்டாம் என்றால் ‘பெத்தவளைப் பட்டினி போட்டுக் கொன்னவன்’ என்ற பேச்சுக்குப் பயப்படுவார்கள். சோறு நம்மிடம் அப்படிப்பட்ட விஷயம். ஆனால் இறுதிக் கட்டத்தில் உடம்பு தானாகவே பசியை விட்டுவிடுகிறது. கட்டாயமாக ஏற்றும் உணவு நெஞ்சில் சளியாகவும் வயிற்றில் உப்புசமாகவும் தங்குகிறது. முற்றிய மறதி நோயில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதில்லை என்பது மருத்துவ உலகில் ஏற்கப்பட்ட கருத்து. ‘வாயால் சாப்பிட முடிந்த வரை ஸ்பூனில் கொடுங்கள், முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்’ என்று அம்மாவே எழுதிவைத்துவிட்டால், அந்தப் பழியிலிருந்து பிள்ளை தப்பிப்பான்.

வேண்டாதவற்றை எழுதுவதோடு வேண்டியவற்றையும் எழுதுங்கள். வலிக்கு மார்ஃபின் தரத் தயங்க வேண்டாம். மூச்சுத் திணறலுக்கு மருந்து வேண்டும். முடிந்தால் வீட்டில், என் கட்டிலில். உடல் தானம் செய்வதாக இருந்தால் அதற்கான தனிப் படிவம் எங்கே இருக்கிறது என்ற தகவல். வீட்டில்தான் என்று எழுதுகிறவர்கள், வீட்டுக்கு யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் விசாரித்துவைக்க வேண்டும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. பகுதி சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் சொல்வார்.

தலைக்கூத்தல் நடந்த மண்ணில்

மருத்துவ உயிலை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போக முடியாது, அதுவும் தமிழ்நாட்டில். தென் மாவட்டங்களில் படுத்த படுக்கையான கிழவர்களுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக் கதை முடித்த ‘தலைக்கூத்தல்’ என்ற பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. ‘பாரம்’, ‘கே.டி.’ என்று படங்களே வந்திருக்கின்றன. கண்ணியமான சாவு என்ற பெயரில் சொத்துக்காகவோ சுமை தீரவோ பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கமாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

நியாயமான கேள்வி. ‘உங்களுக்குப் பாரமாக இருக்க விரும்பவில்லை’ என்று ஒரு தாய் எழுதும்போது, அது அவள் விருப்பமா, வீட்டில் தினமும் காதில் விழுந்த பேச்சா என்று நோட்டரி கண்டுபிடிக்க முடியாது. உறவினர் அல்லாத சாட்சி, இரண்டு குழுக்கள், எப்போதும் ரத்து செய்யும் உரிமை எல்லாம் இந்தப் பயத்துக்காக வைத்த வேலிகள். வேலியைத் தாண்டுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் இந்தப் பயத்தை மருத்துவ உயிலுக்கு எதிராக மட்டும் பேசுகிறவர்கள், எந்தக் குழுவும் சாட்சியும் இல்லாமல் தினமும் கிளம்பும் ஏ.எம்.ஏ. ஆம்புலன்ஸ்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. தலைக்கூத்தலுக்கும் அந்த ஆம்புலன்ஸுக்கும் உள்ள ஒற்றுமை, போகிறவரைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவெடுப்பது.

பணமில்லாததால் சிகிச்சையை நிறுத்துவதும், வேண்டாம் என்பதால் நிறுத்துவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதலாவதற்கு மருந்து இந்த உயில் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் படுக்கையும் வலி நிவாரணப் பிரிவும்தான்.

மற்ற மாநிலங்களில் அசைவு தெரிகிறது. கோவாவில் 2024 மே மாதம், மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வில் இருந்த நீதிபதி எம்.எஸ். சோனக் அந்த மாநிலத்தின் முதல் மருத்துவ உயிலைப் பதிவு செய்தார். கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் அதே ஆண்டு இதற்கென்றே தகவல் மையம் திறந்தார்கள். கர்நாடக அரசு 2025 ஜனவரி இறுதியில், உச்ச நீதிமன்ற நெறிமுறையை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது. கேரளத்தில் இது சுலபமாக வேர்பிடிக்கக் காரணம், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம். டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கியது பின்னர் பக்கத்து வீட்டுக்காரர்களே தொண்டர்களாகி வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. சாவைப் பற்றி அங்கே ஒரு தலைமுறையாகத் திண்ணையில் பேசியிருக்கிறார்கள்.

பேச்சை எப்படி எடுப்பது?

“அப்பா, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா...” என்று தொடங்கினால், “விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?” என்று பதில் வரும். பிள்ளைகள் கேட்டால் சொத்துக்கு அடிபோடுவது போலத் தெரியும் என்பதால், பெரியவர்களே தொடங்குவதுதான் எளிது. தொடங்க நல்ல இடம் இன்னொருவர் சாவு. துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும் காரில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள்: “அந்தாளை இருபது நாள் மெஷின்ல வச்சுப் படுத்தி எடுத்துட்டாங்களே.” அந்த இடத்தில், “எனக்கு அப்படிப் பண்ணிடாதீங்கப்பா” என்று ஒரு வரி சொன்னால் போதும். மறுநாள் அதையே தாளில் எழுதலாம். பிள்ளைகள் எல்லோரையும் வைத்து ஒருமுறை வாட்ஸ்அப் வீடியோ காலில் சொல்லிவிட்டால் டெட்ராய்ட்டுக்கும் செய்தி போய்விடும்.

எழுதிய பிறகு பெரிய சிகிச்சை ஏதும் நடந்தாலோ, பெயர் எழுதிய ஆள் இறந்தாலோ மறுபடி எடுத்துப் படியுங்கள். அறுபதில் வேண்டாம் என்று தோன்றியது எழுபதில் வேண்டும் என்று தோன்றலாம். பேரன் கல்யாணம் வரைக்கும் டயாலிசிஸ் போகட்டும் என்று தோன்றலாம். மாற்றி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூலத்தை நகையோடும் வீட்டுப் பத்திரத்தோடும் சேர்த்து வங்கி லாக்கரில் பூட்டிவிடாதீர்கள். பக்கவாதம் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு, வங்கி திறப்பது காலை பத்து மணிக்கு. ஆதார் அட்டையும் இன்ஷூரன்ஸ் கார்டும் இருக்கும் கவரிலேயே அது இருக்கட்டும், நீங்கள் பெயர் எழுதியவரின் செல்போனில் ஒரு படமும் இருக்கட்டும்.